பத்து ரூபாய்ப் பொருளும் பறிபோன தூக்கமும்

(காயல்பட்டினத்தில் நடந்த மகளிர் சுயஉதவிக் குழுக் கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், குழுக் கடனில் சிறுகடை நடத்தும் உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை)

 

ஆண்டு விழா என்றால் சேமிப்பு எவ்வளவு, கடன் எவ்வளவு, தையல் பயிற்சிக்கு எத்தனை பேர் போனாங்க என்று பேசுவதுதான் வழக்கம். நான் கடையில் நடக்கும் சின்னத் திருட்டைப் பற்றிப் பேசப்போறேன் என்று சொன்னதும் பக்கத்து வீட்டு மாமி, "இதையெல்லாம் மேடை போட்டுப் பேசுவாவளா?" என்று கேட்டாவ. பேசாமல் இருப்பதால்தான் இது வளருது மாமி என்று சொல்லிட்டு வந்தேன். நம்ம கூட்டமைப்பில் கடை வைத்திருக்கிற பெண்கள் இருக்கோம். கடையில் வேலைக்குப் போகிற பிள்ளைகளைப் பெற்றவர்கள் இருக்கோம். கடைக்குப் பொருள் வாங்கப் போவது எல்லாருமே. அதனால் இது நம்ம வீட்டு விஷயம்தான்.

முதலில் கடைக்காரி கணக்கைச் சொல்றேன். என் கடையில் அரிசி மூட்டையோ எண்ணெய் டின்னோ காணாமல் போனதே கிடையாது. போவதெல்லாம் ஷாம்பு பாக்கெட், தலைக்கிளிப், நகப்பாலிஷ், ஊக்கு அட்டை, பேனா, சாக்லேட், பிஸ்கட் இவைதான். உள்ளங்கைக்குள் அடங்குகிற பொருள். "பத்து ரூபாய்ப் பொருள், இதனால் கடை மூழ்கிடுமா?" என்று கேட்பாங்க. பத்து ரூபாய் பிஸ்கட் எனக்கு ஒன்பது ரூபாய்க்கு வருதுன்னு வச்சுக்குவோம். ஒரு பாக்கெட் விற்றால் லாபம் ஒரு ரூபாய். ஒரு பாக்கெட் காணாமல் போனால் நஷ்டம் ஒன்பது ரூபாய். அந்த ஒன்பது ரூபாயைப் பிடிக்க இன்னும் ஒன்பது பாக்கெட் விற்கணும். அதாவது ஒன்பது பேர் வந்து வாங்கிட்டுப் போனாலும் என் கைக்கு ஒண்ணும் மிஞ்சாது. கரண்டு பில், வாடகை, குழுவுக்குக் கட்ட வேண்டிய தவணை எல்லாம் அந்த ஒரு ரூபாய், ஒரு ரூபாயில் இருந்துதான் வரணும்.

"பெரிய கடையில் எடுத்தால் என்ன, அவங்களுக்குக் கொள்ளை லாபம்தானே?" என்று இன்னொரு பேச்சு. பெரிய கடையில் நிற்கிற நம்ம பிள்ளைகளைக் கேட்டுப் பாருங்க. இருப்பு குறைந்தால் முதலில் யாரைக் கூப்பிட்டு விசாரிக்கிறாங்க? முதலாளியையா? அந்த வரிசையில் காலையில் இருந்து கால்கடுக்க நிற்கிற பெண்ணைத்தான். எடுத்தவள் வீட்டுக்குப் போய்விடுவாள். எடுக்காதவள் நின்று பதில் சொல்லணும்.

சரி, ஏன் எடுக்கிறாங்க? இல்லாமைதான் காரணம் என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட முடியாது. நான் பார்த்த வரையில் நாலு விதம். ஒன்று, நிஜமான தேவை: பிள்ளைக்குப் பால்மாவு வேணும், கையில் காசில்லை, கடன் கேட்க வெட்கம். இரண்டாவது, ஆசை: கூடப் படிக்கிற பிள்ளைகள் எல்லாம் வச்சிருக்கிற கிளிப், நமக்கு மட்டும் இல்லை. மூன்றாவது, சவால்: "எடுத்துக் காட்டுட்டி பாப்போம்" என்று நாலு பிள்ளைகள் சேர்ந்து ஒருத்தியை உசுப்பிவிடுவது. நாலாவது, கோபம்: "இந்தக் கடைக்காரன் எடையில் குறைக்கிறான், நான் ஒரு சோப்பு எடுத்தால் சரியாப் போச்சு." எடையில் குறைத்தால் அதைத் தட்டிக் கேட்க எடையளவுத் துறை இருக்கு, நுகர்வோர் நீதிமன்றம் இருக்கு. சோப்பை எடுத்தால் கணக்கு சரியாவதில்லை. ஒரு தப்பு இரண்டு தப்பாகுது, அவ்வளவுதான்.

இப்போ எடுத்த பிறகு நடப்பதுக்கு வருவோம். இன்றைக்கு நான் சொல்ல வந்ததே இதைத்தான்.

எடுத்தவர்கள் பல பேருக்கு அன்றைக்கு ராத்திரி தூக்கம் வருவதில்லை. கடைக்காரியாக நான் இதைக் கண்ணால் பார்க்கிறேன். வாரம் மூணு தடவை வருகிறவள் திடீரென்று வரமாட்டாள். என் கடை வாசலைத் தாண்டிப் போக வேண்டியவள் ஒரு முடுக்கு சுற்றிப் போவாள். எதிரில் பார்த்தால் தலையைக் குனிவாள். சில பேர் நேர்மாறாக நடப்பாங்க. மறுபடி வந்து தேவையில்லாத பொருளையெல்லாம் வாங்குவாங்க, மிச்சச் சில்லறை கொடுத்தால் "இருக்கட்டும் லாத்தா" என்பாங்க. எடுத்த கிளிப்பைத் தலையில் வைக்க முடியாது, "எங்கே வாங்கினே?" என்று உம்மா கேட்டுவிடுவாள் என்ற பயம். அது பெட்டிக்குள்ளேயே கிடக்கும். பொருளும் பயன்படாது, மனசும் ஆறாது.

இந்த உறுத்தல் இருக்கிறதே, அது கெட்டது இல்லை. அது மனசு இன்னும் உயிரோடு இருக்கு என்பதற்கு அடையாளம். நம்ம குழு மொழியில் சொன்னால், அது தவணை தேதி தவறியதும் வருகிற நினைவூட்டல். நினைவூட்டல் வந்தால் என்ன செய்யணும்? தவணையைக் கட்டணும். கட்டாமல் அழுது கொண்டே இருந்தால் கடன் தீராது. கதவைப் பூட்டிக் கொண்டு ஒளிந்தாலும் தீராது.

நம்ம பக்கத்திலேயே நடந்த ஒன்றைச் சொல்றேன். 2024 ஜூலையில் பத்திரிகைகளில் எல்லாம் வந்தது, உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். நம்ம தூத்துக்குடி மாவட்டம் மெஞ்ஞானபுரத்தில் ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் வீடு. பூட்டியிருந்த நேரத்தில் திருடன் புகுந்து 60,000 ரூபாயையும் நகையையும் எடுத்துட்டுப் போயிட்டான். போகும்போது ஒரு கடிதம் எழுதி வச்சுட்டுப் போனான். மன்னிச்சிடுங்க, ஒரு மாதத்தில் திருப்பித் தந்துவிடுகிறேன், வீட்டில் உடம்பு சரியில்லை என்று. அது கடைத் திருட்டு இல்லை, பெரிய திருட்டு. ஆனாலும் அதில் நமக்கு ஒரு பாடம் இருக்கு. எடுக்கும்போதே எடுத்தவனுக்குத் தெரியுது, இது தப்பு, திருப்பிக் கொடுக்கணும் என்று. தெரிந்தும் எடுத்திருக்கான். கடிதம் எழுதியதால் அந்த வயதானவர்களுக்குப் பணம் வந்துவிடவில்லை. மன்னிப்பு என்ற வார்த்தை வட்டி மாதிரி. அசல் தனியாக நிற்குது.

அதே வருஷம் பிப்ரவரியில் உசிலம்பட்டியில் இன்னொன்று நடந்தது. 'கடைசி விவசாயி' படம் எடுத்த இயக்குநர் மணிகண்டன் வீட்டில் பணம், நகையோடு அவர் வாங்கிய தேசிய விருதுப் பதக்கங்களும் களவு போச்சு. சில நாளில் பதக்கங்களை மட்டும் ஒரு பையில் போட்டு வீட்டு வாசலில் தொங்கவிட்டு, மன்னிச்சிடுங்க, உங்கள் உழைப்பு உங்களுக்கே என்று எழுதி வச்சிருந்தாங்க. ஊரே அந்தத் திருடர்களின் நல்ல மனசைப் பேசியது. நான் கேட்கிறேன், நகையும் பணமும் மட்டும் உழைப்பு இல்லையா? பதக்கம் உழைப்பு என்று தெரிந்த மனசுக்குப் பணமும் உழைப்பு என்று ஏன் தெரியவில்லை? பாதி உறுத்தல் பாதி கணக்கைத்தான் தீர்க்கும். என் கடையில் சில்லறையை வேண்டாம் என்று விட்டுப் போகிறவளும் இந்த மாதிரிதான். மனசை ஆற்றிக்கொள்ள ஏதோ செய்கிறாள், கடனை நேராகக் கட்டவில்லை.

முழுசாகக் கட்டிய ஒருவர் கதை நம்ம எல்லாருக்கும் பள்ளிக்கூடத்தில் சொன்னதுதான். காந்தி 'சத்திய சோதனை'யில் எழுதியிருக்கார். சின்ன வயசில் பீடி சிகரெட்டு ஆசையில் வேலைக்காரர்களின் சில்லறையை எடுத்தார். பதினைந்து வயசில், அண்ணன் பட்ட 25 ரூபாய் கடனை அடைக்க அந்த அண்ணனின் காப்பில் இருந்தே கொஞ்சம் தங்கத்தை வெட்டி எடுத்தார். கடன் அடைஞ்சது, ஆனால் மனசு தாங்கவில்லை. நேரில் சொல்லப் பயம். ஒரு தாளில் எல்லாவற்றையும் எழுதி, தண்டனையும் கேட்டு, இனி திருடமாட்டேன் என்று சத்தியமும் எழுதி, நோயில் படுத்திருந்த அப்பா கையில் கொடுத்தார். அப்பா அடிக்கவில்லை, திட்டவில்லை. படித்தார், அழுதார், தாளைக் கிழித்துப் போட்டார்.

இதில் பிள்ளை செய்ததைத்தான் எப்போதும் சொல்லுவோம். அப்பா செய்ததையும் பாருங்க. அந்தத் தாளை அவர் நாலு பேருக்குக் காட்டவில்லை. தெருவில் படித்துக் காட்டவில்லை. அப்படிக் காட்டியிருந்தால் அந்தப் பையன் இன்னொரு தடவை உண்மையை எழுதியிருப்பானா?

இங்கேதான் குற்ற உணர்ச்சிக்கும் அவமானத்துக்கும் உள்ள வித்தியாசம். "நான் செய்தது தப்பு" என்பது குற்ற உணர்ச்சி. அது திருப்பிக் கொடுக்க வைக்கும். "நான் கேவலமானவள், ஊர் என்னைப் பார்த்துச் சிரிக்குது" என்பது அவமானம். அது ஒளிய வைக்கும், பொய் சொல்ல வைக்கும், சில நேரம் உயிரையே எடுக்க வைக்கும். கடைக்காரர்களான நாம அவமானத்தைக் கொடுத்துட்டு, திருந்தணும் என்று எதிர்பார்க்கிறோம்.

நம்ம கரை முத்துக்குளித்த கரை. அந்தக் காலத்தில் சிப்பிகளைத் தொட்டியில் போட்டு அழுகவிட்டு, சதை கரைந்ததும் கழுவி முத்து எடுப்பாங்க. முத்து சின்னது, விலை பெரிது. கழுவுகிறவன் வாயில் போட்டு விழுங்கிடுவானோ என்று பக்கத்திலேயே காவல் நிறுத்தினாங்க. அவ்வளவு காவலிலும் முத்து போனது. கடைசியாக 1961இல் தூத்துக்குடிப் பக்கம் அந்தப் பெரிய முத்துக்குளிப்பு நடந்து முடிந்தது. காவலாளியின் கண் கையைத்தான் பார்க்கும், மனசைப் பார்க்காது. இன்றைக்குக் காவலாளி இருந்த இடத்தில் கேமரா இருக்கு.

கேமரா வைக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, என் கடையிலும் வைத்திருக்கிறேன். அதில் பதிவானதை என்ன செய்கிறோம் என்பதுதான் கேள்வி. ஒரு பிள்ளை சாக்லேட் எடுப்பது பதிவானால் அதை வெட்டி வாட்ஸ்ஆப் குரூப்பில் போட்டுவிடுகிறோம். "இவள் யார் வீட்டுப் பிள்ளை?" என்று கேட்டு ஊர் முழுக்க, அங்கிருந்து துபாய், சவூதி, இலங்கை வரைக்கும் போயிடுது. சாக்லேட் விலை பத்து ரூபாய். அந்தப் பிள்ளையின் பள்ளிக்கூடம், கல்யாணப் பேச்சு, தம்பி தங்கச்சி பெயர், எல்லாம் அந்தப் பத்து ரூபாய்க்குப் போகணுமா? எடுத்த பொருளைத் திருப்பலாம். பரப்பின வீடியோவைத் திருப்ப முடியுமா?

சட்டமும் இதையே சொல்லுது. சிறார் நீதிச் சட்டம் 2015, 74ஆம் பிரிவு, சட்டத்துக்கு முரண்பட்ட குழந்தையின் பெயர், படம், பள்ளி, முகவரி எதையும் வெளியிடக் கூடாது என்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டு லட்சம் வரை அபராதம், அல்லது இரண்டும். ஏழு வயசு ஆகாத குழந்தை செய்வது சட்டத்தின் கண்ணில் குற்றமே ஆகாது.

பெரியவர்களுக்கு உள்ள சட்டத்தையும் சொல்லிடுறேன். 2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் பாரதிய நியாய சன்ஹிதா வந்திருக்கு. அதில் 303ஆம் பிரிவு திருட்டைப் பற்றியது. மூன்று ஆண்டு வரை சிறை உண்டு. ஆனால் பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் குறைவாக இருந்து, முதல் தடவை தண்டனை பெறுகிறவராக இருந்து, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்துவிட்டால், அவருக்கு சமூக சேவைதான் தண்டனை. திருப்பிக் கொடுப்பதற்குச் சட்டமே ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கு, பாருங்க. அதுக்காக இது லேசான விஷயம் என்று நினைச்சிடாதீங்க. பொருள் வைத்துக் காக்கிற கட்டடத்துக்குள் நடக்கும் திருட்டுக்கு 305 என்று தனிப் பிரிவு இருக்கு, அதில் ஏழு ஆண்டு வரை உண்டு. எந்தப் பிரிவில் வழக்கு என்பது நம்ம கையில் இல்லை.

கடைக்காரர்களுக்கும் எல்லை இருக்கு. சந்தேகம் என்று ஒரு பெண்ணை அறைக்குள் பூட்டி வைக்கக் கூடாது, அது தனிக் குற்றம். அடிக்கக் கூடாது. உடம்பைச் சோதிக்கிற வேலை நமக்கில்லை. காவல் துறையே ஆனாலும் பெண்ணைப் பெண்தான், மரியாதை குறையாமல் சோதிக்கணும். கண்ணெதிரே திருடியவரைப் பிடித்தாலும் தாமதிக்காமல், ஆறு மணி நேரத்துக்குள் காவல் துறையிடம் ஒப்படைக்கணும். வழக்கு என்று வந்துவிட்டால் பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்கு அழைக்கலாம்.

இன்னொரு உண்மையையும் சொல்லணும். சந்தேகம் எப்போதும் ஒரே பக்கம்தான் போகுது. அழுக்குச் சேலை கட்டினவள் மேல், வெளியூர்க்காரி மேல், பெரிய பை வைத்திருப்பவள் மேல், புர்கா போட்டவள் மேல். நம்ம ஊர்ப் பெண்கள் வெளியூர்க் கடைக்குப் போனால் பின்னாலேயே ஒருத்தர் நடந்து வருவதை அனுபவித்திருக்கோம். நமக்கு அது எப்படிச் சுட்டதோ, நம்ம கடைக்கு வருகிற ஏழைக்கும் அப்படித்தான் சுடும். எடுத்ததைப் பார்க்காமல் "எடுத்தே" என்று சொல்லாதீங்க.

சரி, ஒருத்தி எடுத்துட்டாள். உறுத்துது. என்ன செய்யணும்?

நம்ம வட்டாரத்தில் காயல்பட்டினம், வீரபாண்டியன்பட்டினம், திருச்செந்தூர் மூன்றும் பக்கம் பக்கம். மூன்று மதமும் இந்த ஒரு விஷயத்தில் ஒரே பேச்சுத்தான். அடுத்தவரின் ஹக்கைத் திருப்பிக் கொடுக்காமல் தவ்பா முழுமையாகாது என்று நம்ம ஆலிமாக்கள் சொல்லித் தருவாங்க. வேதாகமத்தில் சகேயு, அநியாயமாக வாங்கியதை நாலு மடங்காகத் திருப்பித் தருகிறேன் என்று சொன்ன பிறகுதான் அவன் வீட்டுக்கு மீட்பு வந்தது. வள்ளுவர் கள்ளாமைக்கு ஒரு அதிகாரமே வைத்திருக்கார். அதனால் கடைக்காரியின் பத்து ரூபாயை உண்டியலில் போட்டாலும், தர்மம் செய்தாலும் கணக்குத் தீராது. தர்மம் நல்லதுதான், நம்ம காசில் செய்தால். கடைக்காரிக்குச் சேர வேண்டியது கடைக்காரிக்கே போகணும்.

நேரில் போய் "லாத்தா, அன்றைக்கு இதை எடுத்துட்டேன், இந்தாங்க காசு" என்று சொல்ல முடிந்தால் அதுதான் உத்தமம். ஒரு நிமிஷ வெட்கம், ஆயுசுக்கும் நிம்மதி. முடியவில்லையா, ஒரு உறையில் காசைப் போட்டு, "சேர வேண்டிய பாக்கி" என்று எழுதிக் கல்லாப் பக்கம் வைத்துவிடுங்க. பிள்ளை எடுத்திருந்தால் தாய் கூடப் போங்க. ஆனால் கொடுப்பது பிள்ளை கையாக இருக்கட்டும். அடித்து இழுத்துட்டுப் போகாதீங்க. அடிபட்ட பிள்ளை, அடுத்த தடவை மாட்டாமல் எடுக்கணும் என்றுதான் படிக்கும்.

தேவையே இல்லாமல், கையில் காசு இருந்தும், எடுக்காமல் இருக்க முடியாமல் திரும்பத் திரும்ப எடுத்து, பிறகு அழுகிறவர்களும் மிகச் சிலர் இருக்காங்க. அதை மருத்துவர்கள் ஒரு மனநோய் என்று கண்டிருக்காங்க, பெயர் கிளெப்டோமேனியா. அவர்களுக்குத் தேவை வைத்தியம். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

நம்ம குழுக்களுக்கு மூன்று வேண்டுகோள் வைத்து முடிக்கிறேன்.

ஒன்று, கடை நடத்துகிற உறுப்பினர்கள் எல்லாரும் கல்லாவுக்குத் தள்ளி, கேமரா படாத இடத்தில், பூட்டுப் போட்ட ஒரு சின்னப் பெட்டி வைப்போம். "விட்டுப்போன பாக்கி" என்று எழுதி ஒட்டுவோம். பெயர் வேண்டாம், தொகை போதும். மாதம் ஒரு தடவை திறந்து ரொக்கப் புத்தகத்தில் இதர வரவு என்று எழுதிக்கொள்வோம். யார் போட்டார்கள் என்று தேடமாட்டோம். இது நடக்குமா என்று சந்தேகப்படுகிறவர்களுக்கு ஒன்று சொல்றேன். தஞ்சாவூர் மாவட்டம் பாபநாசத்தில் ரோட்டரி சங்கத்தார் இருபது ஆண்டுக்கும் மேலாக, காந்தி ஜெயந்தி அன்றைக்கு ஆளில்லாக் கடை வைக்கிறாங்க. பொருளில் விலை ஒட்டியிருக்கும், வேண்டியதை எடுத்துக்கொண்டு காசைப் பெட்டியில் போடணும். கடைக்காரரே இல்லாமல் அங்கே வியாபாரம் நடக்கும்போது, கடைக்காரி உட்கார்ந்திருக்கிற இடத்தில் ஒரு பெட்டி நடக்காதா?

இரண்டு, கேமராப் பதிவை எந்தக் குரூப்பிலும் போடமாட்டோம் என்று ஒவ்வொரு குழுவும் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போடுவோம். பதிவு வேணும் என்றால் காவல் நிலையத்துக்குக் கொடுப்போம், ஊருக்குக் கொடுக்க வேண்டாம்.

மூன்றாவதுதான் முக்கியம். மெஞ்ஞானபுரத்துக் கடிதத்தில் வீட்டில் உடம்பு சரியில்லை என்று இருந்ததே, அது உண்மையோ பொய்யோ, அந்த வரி என்னை விடவில்லை. பிள்ளைக்குப் பால்மாவு இல்லாமல், மருந்துக்குக் காசில்லாமல் நம்ம தெருவில் ஒருத்தி கடை அலமாரி முன்னால் நின்று கை நடுங்கினால், அங்கே நம்ம குழு என்ன வேலை செய்தது? வாராவாரம் சேமிப்பதும் உள்கடன் கொடுப்பதும் இந்த ஒரு நேரத்துக்காகத்தானே? ஒவ்வொரு குழுவும் அவசரத்துக்கு என்று ஒரு சின்னத் தொகையைத் தனியாக ஒதுக்கி வைப்போம். ஐந்நூறோ ஆயிரமோ, கூட்டத்துக்குக் காத்திருக்காமல், தலைவியும் ஊக்குநரும் அன்றைக்கே கொடுக்கிற மாதிரி இருக்கட்டும். கேட்கிறவளிடம் நாலு கேள்வி கேட்டு நோகடிக்காமல் கொடுப்போம்.

கேட்க வெட்கப்பட்டுத்தான் சிலர் எடுக்கிறாங்க. கேட்பதற்கு வெட்கம் வேண்டாத இடமாக நம்ம குழு இருந்துவிட்டால், பாதித் திருட்டு அங்கேயே நின்றுவிடும். மீதிப் பாதிக்கு அந்தப் பெட்டி இருக்கட்டும்.

 தீர்மானத்துக்குக் கை தூக்குகிறவர்கள் இப்போதே தூக்குங்க, செயலாளர் லாத்தா எண்ணிக் கொள்ளட்டும்.